கொத்த வரும் கார்ன் ஸ்நேக் குட்டி: பத்து நாள் தொடாமல் விடுங்கள்

தம்பி, தென்னாப்பிரிக்கா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வாங்கிவந்து இரண்டே வாரமான கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பாம்பு) குட்டி, பெட்டியைத் திறந்தாலே கொத்த வருகிறது, தினமும் எடுத்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கோபம் இல்லை, பயம். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, வால் நுனியைப் படபடவென்று அடிக்கிறதா? கிட்ட வராதே என்று கெஞ்சுகிறது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி.

பத்து நாள் தொடவே வேண்டாம். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வையுங்கள்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும். டர்பனில் ஜூலை குளிர்காலம், ராத்திரி குளிரும். பெட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட்டை, சூடு ஏறாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள்.

எலியை ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்ததும், தின்று 48 மணி நேரம் போனபின் எடுங்கள். எலி வாசம் போகக் கை கழுவி, பக்கவாட்டில் கொண்டுபோய், நடு உடம்பை ஏந்துங்கள். தலையைப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் போதும். கொத்தினால் வெடுக்கென்று கையை இழுக்காதீர்கள், விஷம் கிடையாது, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம். அது அடங்கியபின் பெட்டியில் விடுங்கள். கொத்தியதும் விட்டால் அதையே பழகிக்கொள்ளும். கண் பால் பூத்தால் சட்டை உரிக்கப்போகிறது, அந்த வாரம் எடுக்கவே கூடாது.

தோட்டத்தில் பிடித்த பாம்பு என்றால் இது எதையும் செய்யாதீர்கள். நம் ஊரில் காறி உமிழும் நாகமும் உண்டு.

என் குட்டிக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு சாயங்காலம் மணிக்கட்டைச் சுற்றி, நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி என் விரலை முகர்ந்தது.