மகளுக்குப் பெயர் வைக்கிறோம்: லட்சுமியா, இலட்சுமியா, லெட்சுமியா? எது சரி?

பாட்டியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கப் போகிறீர்கள், எழுத்தில்தான் குழப்பம் என்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். "லெட்சுமி என்று எழுதினால் தோட்டத்துப் பெயர் மாதிரி இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். என் அம்மாவின் பெயர் லெட்சுமி. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 32 வருடம் கொழுந்து எடுத்தவர்.

முதலில் இலக்கணம். நான் பண்டிதன் இல்லை, உயர்தரத்தில் தமிழ் ஒரு பாடமாக எடுத்தேன், அவ்வளவுதான். தமிழாசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நன்னூல்படி ல-வில் தமிழ்ச் சொல் தொடங்காது. வடசொல்லை எடுத்துக்கொண்டால் முன்னால் இ அல்லது உ போட வேண்டும். அதனால் இலட்சுமி, இன்னும் கறாராகப் போனால் இலக்குமி. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டார் நாகரிகம் என்று நினைக்கிற லட்சுமியும் பிழைதான்.

லெ எங்கிருந்து வந்தது? ல, ர, ஜ மாதிரி எழுத்தில் தொடங்கும் வடசொற்களில் முதல் அகரம் நம் வாயில் எகரமாகிவிடும். ரங்கசாமி ரெங்கசாமி ஆவார், ரத்தினம் ரெத்தினம் ஆவார், கங்கா கெங்கா ஆவாள். ஜயம் ஜெயம் ஆனதை எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று, ஜெயாவைப் பார்த்து யாரும் தோட்டத்துப் பெயர் என்பதில்லை. திருவாரூர் மாவட்டத்தில் லெட்சுமாங்குடி என்று ஊரே இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு இங்கே வந்த நம் சனம் அந்த உச்சரிப்பையும் கூடவே கொண்டுவந்தது. தேயிலைக்கு நடுவில் முளைத்ததில்லை அது. எங்கள் டவுனையே ஒரு போர்டில் ஹட்டன் என்றும் இன்னொன்றில் அட்டன் என்றும் எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்து யாரும் பஸ் மாறி ஏறியதில்லை.

ஆனால் ஆளுடைய பெயர் டவுன் போர்டு இல்லை. இதைப் படித்தது அம்மாவின் சேமலாப நிதிக் காசுக்கு, அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலக் காசுக்கு, அலைந்தபோதுதான்.

பெண்களுக்கு 50 வயதில் அந்தக் காசை எடுக்கலாம். அம்மா வேலையை விட்டபின் எழுதிப் போட்டோம். கவுண்டரில் இருந்தவர் மூன்று கடதாசியை வரிசையாக வைத்து, சிவப்புப் பேனாவால் மூன்று பெயரையும் வட்டம் போட்டார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் லெச்சமி. தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிய செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், லெட்சுமி. அடையாள அட்டையில் லக்ஷ்மி, அது 'சரியான' எழுத்து தெரிந்த யாரோ திருத்தியது. இதில் நீங்கள் யார் என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குக் கடதாசி என்றாலே பயம். 1948இல் பிரஜாவுரிமை போய், 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆட்களைப் பங்கு பிரித்து, மிஞ்சியவர்களுக்கு 2003இல் சட்டம் வரும்வரை இழுத்தது. அம்மாவும் நடுங்கிக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் சொன்னார்: "பேரு மூணுங்க ஐயா, கொழுந்து எடுத்தது ஒருத்திதான்."

மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொண்டுவரச் சொன்னார்கள். டைப் அடித்தவர் லட்சுமி என்று அடித்துவிட்டார். சமாதான நீதவான் முன்னால் அம்மா வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார்: முதலில் குடைக்கம்பி மாதிரி வளைந்த பெரிய கொம்பு, அப்புறம் ல, அப்புறம் மற்றதெல்லாம் பொடிப்பொடியாக. மூன்றாம் வகுப்போடு நின்றவர், அந்தக் கொம்பை மட்டும் யாருக்காகவும் விடமாட்டார். மேலே லட்சுமி, கீழே லெட்சுமி. மறுபடி டைப் அடிக்க இன்னொரு நாள் சம்பளம் போனது, அம்மாவுடையது இல்லை, என்னுடையது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். காசு தயார் என்று வந்த கடிதம் தோட்டத்து ஆபீஸில் மூன்று வாரம் கிடந்தது. நாங்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, விலாசம் ஏது? தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் போட்டு வருகிற தபால் ஆபீஸுக்குப் போகும், அங்கிருந்து யாராவது மனது வைத்துக் கொண்டுவந்தால் உண்டு. என் தம்பிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சைக்கு மறுநாள் கிடைத்தது. 2023இல் நம் சனம் இங்கே வந்து 200 வருடம் என்று மேடை போட்டு விழா எடுத்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு விலாசம் கொடுக்க அந்த 200 வருடம் பற்றவில்லை. சரி, நீங்கள் கேட்டது பெயர்.

பாட்டியை எப்படிக் கூப்பிட்டீர்களோ அந்த எழுத்திலேயே வையுங்கள். எங்கள் மகளுக்கும் லெட்சுமிதான். "இவர் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்" என்று சிரிப்பவர்களுக்கு: வாயில் வருகிறபடியே எழுதினோம், எண்ணியல்காரர் சொன்னதற்காக ஒரு எச் கூடச் சேர்க்கவில்லை. 42 நாளைக்குள் பதிவுக்குப் போகும்போது மூன்று மொழியிலும் பெயரை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தபோது மகளுடைய பெயர் சரியாக இருந்தது. அப்பா பெயரில்தான், அதாவது என் பெயரில், ஒரு எழுத்தைக் காணோம்.