பாலைவன மாநிலப் பூங்காவில் ஆர்.வி.யோடு 'ட்ரை கேம்பிங்' என்றால் என்ன?

படுக்கை, அடுப்பு, கழிவறையோடு வரும் வண்டிதான் ஆர்.வி. கரன்ட், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு எதுவும் இல்லாத இடத்தில், அந்த வண்டியில் இருப்பதை மட்டும் வைத்துத் தங்குவது ட்ரை கேம்பிங்.

கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோவை எடுத்துக்கொள்வோம். 6 லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்த பூங்கா. பொரேகோ பாம் கேன்யன் முகாமில் இணைப்புள்ள இடங்கள் உண்டு. மற்றபடி அத்தனை பெரிய வறண்ட நிலத்தில் குழாய் பதித்துக் கட்டுப்படியாகாது. பக்கத்து ஊரான பொரேகோ ஸ்பிரிங்ஸே நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறது, அதுவும் இறங்கிக்கொண்டே போகிறது.

மோட்டார் பழுதான வீட்டில் மேல்தொட்டித் தண்ணீரை வைத்து ஒப்பேற்றுவது போலத்தான் இதுவும். ஆனால் பலருக்கு முதலில் இடிப்பது தண்ணீர் தீர்வதல்ல. குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி நிரம்பிவிடுவது. அதை மண்ணில் திறந்துவிடக் கூடாது. சாப்பிட்ட தட்டைக் காகிதத்தால் வழித்துவிட்டுக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கூரையில் சோலார் இருந்தால் ஏசி ஓடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஓரிரு பலகைகள் விளக்குக்கும் பம்புக்கும்தான் காணும். ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதையும் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் காலை 10 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம்.