12 வருஷத்து மிளகுக்கொடி மஞ்சளாகுதா, மொதல்ல வேரைப் பாருங்க

ஏற்காடு நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு. காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகுக்கொடி, 12 வயசாச்சாம், ரெண்டு வருஷமா காய் கொறஞ்சு இலை மஞ்சளாகி உதிருதாம், தண்ணியும் யூரியாவும் கூட்டிக் குடுத்தும் கேக்கலையாம்.

அண்ணா, அந்த ரெண்டையும் மொதல்ல நிறுத்துங்க. மிளகுக்கு தூர்ல தண்ணி நின்னாலே ஆகாது.

தரையோட ஒட்டுன தண்டை நகத்தால லேசா சொரண்டிப் பாருங்க. உள்ள கருப்பா அழுகி, இலையும் கணுவும் ரெண்டு மூணு வாரத்துலயே கொட்டிப்போச்சுன்னா அது வேகமான வாடல், ஃபைட்டோப்தோரா பூஞ்சாணம், அந்தக் கொடி பொழைக்காது, வேரோட எடுத்து எரிச்சிடுங்க, மனசு கேக்காதுதான், ஆனா விட்டா பக்கத்துக் கொடியும் போயிரும். உள்ள பச்சையா இருந்து, மழை முடிஞ்சதும் மஞ்சளாகி அடுத்த மழைக்கு கொஞ்சம் தளிர் விட்டு மறுபடி மஞ்சளாகுதுன்னா அது மெதுவான வாடல். நீங்க சொல்றது எனக்கு இதுவாத்தான் தெரியுது. உறுதி பண்ண கையாலயே மண்ணைக் கிளறி (மம்முட்டி வேண்டாம், வேர் அறுந்தா அதுவே நோய்க்கு வாசல்) நாலு சல்லிவேர் எடுங்க, முடிச்சு முடிச்சா இருந்தாலோ பழுப்பாகி அழுகியிருந்தாலோ நூற்புழு (வேரைத் தாக்குற, கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு) இருக்கு.

இதைக் காப்பாத்தலாம். தூர்ல தண்ணி நிக்காம வடிகால் எடுங்க, தூர்லருந்து கிளம்பி தரையில ஓடுற ஓடுகொடிய வெட்டிருங்க, மரத்துக் கிளைய கழிச்சு வெளிச்சம் விடுங்க. மழை தொடங்குறப்ப காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கற பூஞ்சாண மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து கொடிக்கு 5 லிட்டர் வேர்ல ஊத்துங்க. மூணு வாரம் கழிச்சு கொடிக்கு 1 கிலோ வேப்பம்புண்ணாக்குல 50 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பூஞ்சாணம்) கலந்து தொழுவுரத்தோட போடுங்க, ரெண்டையும் ஒண்ணா போட்டா காப்பர் டிரைக்கோடெர்மாவையே கொன்னுரும், காசும் போச்சு பலனும் போச்சு. இலைக்கு 1 சதவீத போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் தண்ணிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ சுண்ணாம்பு 1 கிலோ, துத்தத் தண்ணியத்தான் சுண்ணாம்புத் தண்ணில ஊத்தணும், பளபளன்னு இருக்கற கத்திய முக்கிப் பாருங்க, செம்பு நிறம் ஏறுச்சுன்னா சுண்ணாம்பு பத்தல.

ஒரே மாசத்துல பச்சையாகிடாது. அடுத்த மழைக்கு வர்ற தளிரைப் பாத்துதான் சொல்ல முடியும், அதுவரைக்கும் வர்ற பூச்சரத்தைக் கிள்ளிவிட்டா கொடிக்குப் பாரம் கொறையும். இன்னொண்ணு, இந்தக் கொடியிலிருந்து மட்டும் நாத்துக்குத் தண்டு எடுத்துராதீங்க.