ரோல் போட்டால் பட்டன் ஆகிவிடுமா? சில கேள்விகள், சில பதில்கள்

கிளிநொச்சியில் இருந்து இணையத்தளங்கள் கட்டிக்கொடுப்பது என் தொழில். திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லுகிற மென்பொருள்) பாவிக்கிற ஆக்களுக்கும் விளங்குகிற மாதிரிப் பக்கம் எழுதுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று: கீழே வருகிற ‘அரியா’ ஏரியா இல்லை. ‘இந்தத் துண்டு என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது’ என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லுகிற குறிப்புகளின் பெயர் அது. ‘இது பட்டன்’, ‘இது பட்டியல்’ என்று வகையைச் சொல்லுகிற ரோலும் அதில் ஒரு பகுதி. குறி என்று நான் சொல்வது பக்கம் எழுதுகிற எச்ரிஎம்எல் மொழியின் துண்டுகளை.

மல்லாவியிலிருந்து: அண்ணா, டிவ்வை (வெறும் பெட்டிக் குறியை) வச்சு ஒரு பட்டன் செய்திருக்கிறன். பார்க்க வடிவா இருக்கு, அமத்தினா வேலையும் செய்யுது. ரோல் பட்டன் எண்டும் போட்டாச்சு. காணுமா?

காணாது தம்பி. தேத்தண்ணிக்கடை என்று பலகை மாட்டினால் உள்ளே அடுப்பு மூளாது. ரோலும் பலகைதான். அதைக் கண்டு திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று சொல்லும், அதோடு சரி. ரப் விசையால் அதில் போய் நிற்க ரப்இண்டெக்ஸ் பூச்சியம் என்று நீங்கள் போடவேண்டும். என்ரர் விசைக்கும் ஸ்பேஸ் விசைக்கும் நீங்களே ஜாவாஸ்கிரிப்ட் எழுதவேண்டும். அதிலும் உண்மையான பட்டன் என்ரரை அமத்தும்போதே வேலை செய்யும், ஸ்பேஸுக்கோ விரலை எடுக்கும்போதுதான். இவ்வளவையும் பட்டன் குறி சும்மா தருகிறது. தோற்றம்தான் பிரச்சினை என்றால் அதையே சிஎஸ்எஸ்ஸால் மாற்றலாம்.

நானும் இதில் விழுந்து எழும்பினவன்தான். விதைநெல் ஓடர் எடுக்கிற ஒரு படிவத்தில் டிவ்வுக்கு ரோல் மட்டும் போட்டுவிட்டுப் பெருமையாக இருந்தேன். பார்வையில்லாத நண்பர் ஒருவர் போன் எடுத்து, “அனுப்பு பட்டன் எண்டு சொல்லுது, ஆனா அனுப்புதில்லை. பட்டன் எண்டு சொல்லாமலே விட்டிருந்தா நான் வேற வழி தேடியிருப்பன்” என்றார். அரியாவைத் தப்பாகப் போடுவதை விடப் போடாமல் விடுவது மேல் என்று அந்தத் துறைக்காரர் எழுதிவைத்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அறிவியல்நகர் மாணவி: நவ் (வழிசெலுத்தல்), மெயின் (முதன்மை உள்ளடக்கம்) குறிகள் இருக்கும்போது ரோலும் சேர்த்துப் போடவேணுமா?

வேண்டாம் தங்கச்சி, அந்தக் குறிகளே ரோலையும் சொல்லிவிடும். அரியா 1.0 2014 மார்ச்சிலும், எச்ரிஎம்எல்5 அதே வருடம் ஒக்ரோபரிலும் முறைப்படி வந்தன. அந்தக் காலத்துப் பழைய உலாவிகள் சிலவற்றுக்குப் புதுக் குறிகள் விளங்காததால் இரண்டையும் சேர்த்து எழுதினோம். அந்தப் பழக்கம் பழைய பாடக்குறிப்புகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு. சிஎஸ்எஸ்ஸால் பட்டியலின் புள்ளியை எடுத்துவிட்டால் அப்பிளின் சஃபாரி உலாவியில் அதன் திரைவாசிப்பானான வொய்ஸ்ஓவர் அதைப் பட்டியலாகவே சொல்லாமல் விடலாம். அங்கே ரோல் லிஸ்ட் என்று திரும்ப எழுதுவது நியாயம். இன்னொன்று, ஒரே பக்கத்தில் இரண்டு நவ் இருந்தால் அரியா-லேபிளால் பெயர் வையுங்கள். ‘முதன்மை’ என்றாலே போதும். ‘முதன்மை வழிசெலுத்தல்’ என்று வைத்தால் திரைவாசிப்பான் தன் பங்குக்கும் ‘வழிசெலுத்தல்’ என்று சொல்லி, கேட்பவர் இரண்டு தரம் கேட்கவேண்டி வரும்.

புதுக்குடியிருப்பு: எங்கட சனசமூக நிலையத்தின்ர தளம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில இருக்கு. தலைப்புக் குறி, ரோல் எல்லாம் சரியாப் போட்டும் கேக்கிற ஆக்களுக்கு ஒண்டும் விளங்கேல்லையாம்.

விளங்காதுதான். பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் கண்ணை ஏமாற்றுகிறது. திரைவாசிப்பானுக்குக் கண் இல்லை, உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். தேடுபொறிக்கும் அதே கதி. எந்த ரோலும் இதைத் திருத்தாது. முழுவதையும், தமிழைத் தமிழாகவே உள்ளே வைக்கிற யூனிகோட்டுக்கு மாற்றுங்கள், மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகக் கிடக்கின்றன. மாற்றியபின் ஒருவர் இருந்து வரிவரியாகப் பார்க்கவேண்டும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பிவிடும்.

பிறகு பக்கத்தின் முதல் குறியில் மொழி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரெம்ப்ளேற்றில் இருந்து எடுத்த பக்கம் என்றால் அநேகமாக ‘இஎன்’ என்று இருக்கும், அதாவது ஆங்கிலம். அதை ‘ரிஏ’ ஆக்குங்கள். இரண்டே எழுத்து. தமிழ்க் குரலில் வாசி என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வது அதுதான்.

வவுனியா: குளங்களின்ர நீர்மட்டத்தை ஒவ்வொரு நாளும் போடுறம். அட்டவணையைப் படமாப் போட்டால் என்ன? ஆல்ற் (படத்துக்குப் பதிலா வாசிக்கிற விவரிப்பு) எழுதலாம்தானே?

ஆல்றுக்குள் அட்டவணையை அடக்குவது உரலை உமிப்பெட்டிக்குள் அடக்குகிற வேலை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று வரிசைக்கு ஒரு குளம், பத்திக்கு ஒரு விபரம். உண்மையான அட்டவணைக் குறியில் எழுதி, பத்தித் தலைப்புக்கும் குளத்தின் பெயருக்கும் ரிஎச் (தலைப்புக் கட்டத்தின் குறி) போட்டு, அது எதற்குத் தலைப்பு என்று சொல்லுகிற ஸ்கோப்பில் ஒன்றுக்குப் பத்தி, மற்றதுக்கு வரிசை என்று குறியுங்கள். அப்போது ஒரு கட்டத்துக்குப் போனால் வெறும் இலக்கத்தோடு நிற்காமல் எந்தக் குளம், எந்த அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லும். வான் பாயப்போகிற மாரியில் குளத்தடியில் இருக்கிற ஆளுக்கு எந்தக் குளத்தின் இலக்கம் என்பதுதான் தேவை.

முல்லைத்தீவு: படிவத்தில பிழை வந்தா சிவப்பில காட்டுறன். கேக்கிறவைக்கு?

பிழைச்செய்தி வரும் இடத்துக்கு ரோல் அலேட் போடுங்கள், செய்தி வந்த உடனே வாசிக்கும். ‘சேமித்தாயிற்று’ போன்ற அவசரமில்லாததுக்கு ரோல் ஸ்ரேற்றஸ் காணும். எல்லாவற்றுக்கும் அலேட் போட்டால் கதைக்கிற ஆளை இடைமறித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, படிவப் பெட்டிக்குள் மங்கலாக எழுதுகிற குறிப்பு லேபிள் (பெட்டியின் பெயர்) இல்லை, அடிக்கத் தொடங்கினதும் அது மறைந்துவிடும். லேபிள் குறியைத் தனியாக எழுதுங்கள்.

மாங்குளம்: சோதிச்சுப் பார்க்கக் காசு குடுத்து என்ன வாங்கவேணும்?

ஒன்றும் வேண்டாம். விண்டோஸுக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அவுஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. எச் விசை தலைப்புக்குத் தலைப்பு பாயும், பி பட்டனுக்கு, டி நவ், மெயின் போன்ற பகுதிகளுக்கு. அன்ரொயிட் போனில் ரோக்பாக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கணினித் திரையை நிப்பாட்டிவிட்டு உங்கள் தளத்திலேயே ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

என்விடிஏயோடு வருகிற தமிழ்க் குரல் தகரத்தில் தட்டினமாதிரித்தான் இருக்கும். மேலே சொன்ன நண்பர் அதையே எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் விட்டுக் கேட்கிறார். நான் வேகத்தைக் குறைத்தால், “நித்திரை வருது” என்று திரும்பவும் கூட்டிவிடுவார்.