ஷார்ட்ஸ் ஓடுகிறது, பணம் வரவில்லையே?

கேள்வி: ஆம்பூர் பிரியாணி, முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு என்று யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறேன். 1,400 சப்ஸ்கிரைபர்கள். ஷார்ட்ஸ் லட்சக்கணக்கில் ஓடியும் விளம்பர வருமானம் இல்லை. ஏன்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கும் நேரம் 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. அதுதான் சிக்கல். விளம்பரப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்களோடு, கடந்த 12 மாதத்தில் நீள வீடியோக்களுக்கு 4,000 மணி நேரம் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. இரண்டாவது எட்டாத உயரம். நீள வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை போதும். ஆகவே பிரியாணியை முழு வீடியோவாக எடுங்கள்; 'தொடர்புடைய வீடியோ' இணைப்பை ஷார்ட்ஸில் வையுங்கள். வருமானப் பங்கும் நீள வீடியோவுக்கு 55%, ஷார்ட்ஸுக்கு 45%.

யூடியூபின் அனுமதி கிடைத்தபின் பலர் தடுக்கி விழுவது, விளம்பரப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில். 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் (PIN) தபாலில் வரும். வீட்டின் பழைய கதவு எண், புதுக் கதவு எண் குழப்பமில்லாமல், தபால்காரருக்குத் தெரிந்த முகவரியையே கொடுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். விட்டால் மொத்த வருமானத்தில் 24% வரை பிடிப்பார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும்.