மனம் சோர்ந்த நாட்களில் என்ன செய்வது? கேள்விகளும் பதில்களும்

சோர்ந்த மனநிலையிலிருந்து மீள்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மனநல ஆலோசகர். மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை என்பதால், அந்த இடம் வரும்போது அவரிடம் போகச் சொல்கிறேன்.

கேள்வி: எதையும் செய்யத் தோன்றவில்லை மேடம். மனசு சரியாகட்டும், அப்புறம் எல்லாவற்றையும் ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறேன். எப்போது சரியாகும்?

காத்திருந்தால் சரியாவது கடினம். சோர்வு வந்ததும் வேலைகளைக் குறைக்கிறோம், ஆட்களைத் தவிர்க்கிறோம். அதனால் நாளில் நல்லதாக எதுவும் நடப்பதில்லை. நல்லது எதுவும் நடக்காததால் சோர்வு இன்னும் கூடுகிறது. பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களிலேயே இந்தச் சுழலை விளக்கினார். 1996-ல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களை மாற்றும் பயிற்சிகளை விட்டுவிட்டு, செயல்களை மட்டும் திரும்பக் கொண்டுவந்தவர்களும் முழு சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். ஆகவே செயல் முதலில், மனநிலை அதன் பின்னால். தோன்றாவிட்டாலும் செய்யலாம்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், கவனித்தால் போதும். ஒரு தாளில் மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பத்துக்கு எவ்வளவு என்று இரண்டு மதிப்பெண் போடுங்கள்: சந்தோஷத்துக்கு ஒன்று, ‘செய்து முடித்தேன்’ என்ற நிறைவுக்கு ஒன்று. நாள் முழுக்கவும் ஒரே இருட்டு என்று நினைத்திருப்பீர்கள். தாளைப் பார்த்தால் படுத்தே இருந்த மதியத்துக்கு 1, துணி மடித்த அரை மணி நேரத்துக்கு 3 என்று வித்தியாசம் தெரியும். இரண்டாம் வாரம் அந்த 3 வந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

எடுத்துக்கொள்ளும் காரியம் சிறியதாக, நேரம் குறித்ததாக இருக்கட்டும். புல்லாங்குழல் வாசிப்பதை விட்டுவிட்ட ஒருவர் என்றால், ‘தினமும் பயிற்சி’ என்று எழுத வேண்டாம். ‘மாலை ஆறு மணிக்குக் குழலை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து மேசைமேல் வைப்பது’ என்று எழுதலாம். துடைத்த பிறகு வாசிக்கத் தோன்றினால் வாசிக்கட்டும். தோன்றாவிட்டால் அன்றைய காரியம் அத்தோடு முடிந்தது. அதுவும் முழு மதிப்பெண்தான்.

கேள்வி: முன்பு பிடித்த பாட்டு, படம், நண்பர்கள் எதுவும் இப்போது ருசிக்கவில்லை. எனக்குள் ஏதோ செத்துப்போன மாதிரி இருக்கிறது.

அப்படி எழுத எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஒன்றை விரும்பி நாடுவதும், கிடைத்த பின் அதை அனுபவிப்பதும் மூளையில் ஓரளவு தனித்தனியாக இயங்குபவை. சோர்வில் பலருக்கு முதலில் அடிபடுவது நாட்டம். ‘போனால் என்ன கிடைக்கப்போகிறது’ என்று மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். அந்த முடிவைச் சோதித்துப் பாருங்கள். நண்பரைப் பார்க்கப் போகுமுன், எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணை எழுதுங்கள். திரும்பி வந்ததும் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று எழுதுங்கள். பல முறை இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும். பழைய அளவு சந்தோஷத்தை இப்போதே எதிர்பார்க்காதீர்கள். 2 என்று எழுதியது 4 ஆனால் அது பெரிய விஷயம்.

கேள்வி: படுத்ததும் பழையதெல்லாம் ஓட ஆரம்பிக்கிறது. ‘ஏன் எனக்கு மட்டும்’ என்று விடிய விடிய யோசனை. என்ன செய்யட்டும் அக்கா?

இந்த அசைபோடுதல் சோர்வை நீட்டிக்கும் என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். யோசிக்கிறோம் என்ற உணர்வு இருக்கும், முடிவு எதுவும் வராது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விக்குப் பெரும்பாலும் அடிமட்டம் கிடையாது. அதையே ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவதும் உதவும். மாலையில் அரை மணி நேரம், தினமும் ஒரே இடத்தில், கையில் பேனாவுடன் உட்காருங்கள். படுக்கையில் நினைப்பு வந்தால், ‘இது நாளை மாலைக்கு’ என்று ஒரு சொல் மட்டும் குறித்துவிட்டுப் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் போல ஆன பிறகும், தூக்கத்தை விரட்டும் அதன் காஃபினில் பாதி உடம்பில் இருக்கும்.

கேள்வி: உடற்பயிற்சி செய்தால் சரியாகுமா?

நிச்சயம் உதவும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் படுக்கையை விட்டு எழவே சிரமப்படுபவரிடம் அந்த எண்ணைச் சொன்னால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். பத்து நிமிட நடை போதும். காலையில், வெளியில் நடந்தால் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். விளக்கு போட்ட அறையைவிட, மேகமூட்டமான நாளின் வெளிச்சம்கூடப் பல மடங்கு அதிகம். உடலின் கடிகாரம் அதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது.

கேள்வி: மனசு கனத்தால் மது குடிக்கிறேன். கொஞ்ச நேரம் லேசாக இருக்கிறது.

அந்தக் கொஞ்ச நேரம் உண்மை. ஆனால் மது தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் மனநிலையை இன்னும் கீழே இழுக்கும். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்த வேண்டாம், அது உடம்புக்கு ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

கேள்வி: ‘உனக்கு என்ன குறை? எல்லாம்தான் இருக்கிறதே’ என்கிறார்கள் வீட்டில். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சோர்வு கணக்குப் பார்த்து வருவதில்லை. பரம்பரை, தூக்கம், உடல்நலம், இழப்பு, வேலைச் சுமை என்று பல சேர்ந்து வருகிறது. வெட்கம் அதன்மேல் இன்னொரு சுமை. இதே நிலையில் உங்கள் தோழி வந்து நின்றால் என்ன சொல்வீர்களோ, அதே தொனியில் உங்களிடம் பேசுங்கள். வீட்டாரிடம் ‘என்னைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘மாலையில் என்னுடன் நடக்க வா, அறிவுரை வேண்டாம்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். மறுக்கிறவர்கள் குறைவு.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? மாத்திரை எடுத்தால் பழகிவிடாதா?

நாளின் பெரும்பகுதி சோர்வோ ஆர்வமின்மையோ இரண்டு வாரம் தொடர்ந்து இருந்து, தூக்கம், பசி, வேலை எல்லாம் பாதிக்கப்பட்டால் போய்விடுங்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இதே மாதிரி தோற்றம் தரும், பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பின் வரும் அழுகை பலருக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் நீடித்தால் காத்திருக்காதீர்கள். இடையிடையே தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்துடன் இருந்த நாட்கள் உண்டு என்றால், அதை மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையே மாறும்.

மனச்சோர்வு மாத்திரைகள் போதை தருபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரலாம் என்பதால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ‘பார்க்கலாம்’ என்று விடவே கூடாது. இன்றே, இப்போதே, நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணம் அலைபோல் ஏறி இறங்கக்கூடியது. ஏறும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருப்பது உயிரைக் காக்கும்.

கேள்வி: கொஞ்ச நாள் நன்றாக இருந்தேன், மறுபடி விழுந்துவிட்டேன். எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. தேறும் பாதையில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து, உங்கள் சோர்வு எப்படி ஆரம்பிக்கிறது என்று எழுதுங்கள்: போனை எடுக்காமல் விடுவது, குளிப்பதைத் தள்ளிப்போடுவது, மதியத்தில் நீளும் தூக்கம். கீழே, சென்ற முறை எது உதவியது என்று எழுதுங்கள். ஒரு பிரதியைக் கூடவே இருப்பவரிடம் கொடுத்து, ‘இதில் இரண்டைப் பார்த்தால் என்னிடம் சொல்’ என்று கேட்டுவையுங்கள். இந்த முறை விழுந்திருக்கிறீர்கள் என்றால், இன்று மாலைக்கு ஒரு சின்னக் காரியம் மட்டும் எழுதி, நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள்.