மரம் வைத்தவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் இருக்கிறது. பழமரம் வைக்கலாம் என்றால், "கடையில் கிடைக்காத பழமா, இதில் என்ன லாபம்?" என்கிறார் கணவர். (தாம்பரம் வாசகி)

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம். மாவை வைத்துக் கணக்குப் போட்டால் அவர்தான் ஜெயிப்பார். ஒட்டுக் கன்றே மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வைக்கும். காய்ப்பதும் சந்தையில் மாம்பழம் மலிந்து கிடக்கும் அதே வாரங்களில்தான். எலுமிச்சையை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கோடையில் விலை ஏறும்போது கொல்லையில் நாலு காய் பறித்தாலே வாயடைத்துப் போவார்.

என்னைக் கேட்டால் லாபம் பணத்தில் இல்லை, பதத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து வண்டியேறி வரும் பழம் நசுங்கக் கூடாது என்பதற்காகக் காயாகவே பறிக்கப்படுகிறது. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம் என்றாலும் ஒழிந்தபாடில்லை. உங்கள் கொய்யாவோ, பச்சை வெளுத்து இலேசான மஞ்சள் ஏறி, மரத்தடிக்குப் போனாலே மணக்கும் நாளில் உங்கள் கைக்கு வரும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் 50 சொச்சம்தான். உங்கள் இடத்துக்கு லக்னோ 49 கொய்யா ஒன்று, ஓரமாக இரண்டு பப்பாளி போதும். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளைத் தயங்காமல் வெட்டிவிட்டால் மரமும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

கேள்வி: தின்ற பழத்தின் விதையைப் போட்டு வளர்த்த பப்பாளி மூன்று நிற்கிறது. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை. உரம் போதவில்லையா? (திருச்சி வாசகர்)

பதில்: நீண்ட காம்பில் சரம்போலத் தொங்கும் பூக்கள்தானே? மூன்றும் ஆண் மரங்கள். உரத்தைக் கொட்டிப் பயனில்லை. பெண் பூ தண்டை ஒட்டி, குட்டைக் காம்பில், அடி பருத்து இருக்கும். அடுத்த முறை ஒரு குழியில் மூன்று, நான்கு நாற்று நடுங்கள். பூ வந்தபின் பெண்ணை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களையுங்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் இருபால் பூ உள்ள ரகமாக வாங்கிவிடலாம். கோ 7 அப்படிப்பட்டது.

கேள்வி: சீத்தா மரத்தில் பூவுக்குக் குறைவில்லை. காய்ப்பது ஐந்தாறு, அதிலும் பாதி கோணல். (திண்டுக்கல் வாசகி)

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: தடித்த மூன்று இதழ்கள், நடுவே சின்னதாக ஒரு கூம்பு. கூம்பின் மேல்பகுதி பெண், அடியில் சுற்றியிருப்பவை மகரந்தப் பைகள். பூ முதலில் பெண்ணாக விழிக்கும். மகரந்தம் உதிர்க்கும் வேளையில், அதை ஏற்க வேண்டிய பெண் பகுதியின் நுனி (சூல்முடி) காய்ந்துவிடும். ஒரே பூவுக்குள் இருந்தும் இருவரும் சந்திப்பதில்லை. தூது போவது மிகச் சிறிய வண்டுகள். ஊரில் அவை குறைந்தாலோ, காற்று வறண்டாலோ பூ உதிர்வதுதான் மிச்சம்.

அந்த வேலையை நீங்களே செய்யலாம். நன்றாக விரிந்த பூக்களிலிருந்து மகரந்தத்தை ஒரு கிண்ணத்தில் உதறிக்கொண்டு, இதழ் இலேசாகப் பிரிந்திருக்கும் பூவுக்குள் ஓவியத் தூரிகையால் காலையில் தடவுங்கள். கூம்பைச் சுற்றிலும் படவேண்டும். பழத்தின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனிச் சூலகத்திலிருந்து வருவது. மகரந்தம் படாத பக்கம் சூம்பிவிடும். உங்கள் கோணலுக்குக் காரணம் அதுதான்.

கேள்வி: ஏழு வயது ஒட்டு நெல்லி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது. (சேலம் வாசகர்)

பதில்: தனி மரமா? நெல்லிக்குத் தன் மகரந்தம் ஒத்துவராது. வேறு ரகமாக இன்னொன்று வையுங்கள். எதிர்வீட்டுக்காரரை வைக்கச் சொன்னாலும் சரிதான், காய் இருவருக்கும் கிடைக்கும்.

கேள்வி: ஒட்டு மாங்கன்றில் அடியிலிருந்து வரும் துளிர்தான் தளதளவென்று இருக்கிறது. விடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: விடாதீர்கள். ஒட்டுத் தழும்புக்குக் கீழே வருவது வேர்ச்செடியின், அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்கு அடியில் வைத்த செடியின் துளிர்; உங்கள் இமாம்பசந்தை அமுக்கிவிட்டு ஏதோ ஒரு நாட்டு மாவாக எழுந்து நிற்கும். இந்த ஏமாற்றம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. தழும்பு மண்ணுக்குள் போகும்படி நட்டதால் எந்தத் துளிர் எதுவென்று தெரியாமல் நாலு வருடம் தண்ணீர் ஊற்றினேன்.

கேள்வி: சப்போட்டாவைப் பறித்து அரிசிப் பானையில் வைத்தால் சுருங்குகிறதே தவிர, பழுப்பதில்லை. (கடலூர் வாசகி)

பதில்: முற்றாமல் பறிக்கிறீர்கள். மரத்தில் இருக்கும்போதே தோலை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தாலோ பால் வடிந்தாலோ விட்டுவிடுங்கள். முற்றிய காயில் மேலிருக்கும் பழுப்புத் தூள் விரலில் சுலபமாகத் துடைபடும். வௌவாலுக்கு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். கடித்த பழம் காலையில் கீழே கிடந்தால் பறிக்கும் நாள் வந்துவிட்டது என்று பொருள். கடித்ததை மட்டும் கழுவிக்கூடச் சாப்பிடாதீர்கள்.